மணலுக்குள் ஓடும் தண்ணீர்

அன்று காலை ஊற்று சிவப்பாக இருந்தது.

பங்குனி மாதம். விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. மேற்கே மலை இன்னும் புகை மாதிரிதான் தெரிந்தது. கமண்டல நாகநதியில் தண்ணீர் வற்றி இரண்டு மாதம் ஆகி, ஆரணிக் கரையோரம் மணல் மட்டும் அகலமாகக் கிடந்தது. நான் தினமும் தோண்டும் குழிக்கு முன்னால் மண்டியிட்டுக் குனிந்தவள் அப்படியே இருந்துவிட்டேன்.

கையால் அள்ளிப் பார்த்தேன். அரக்குச் சிவப்பு. பட்டு நூலுக்குப் போடுகிற சாயம். என் கொழுந்தனார் ஏழுமலையின் வேலை என்று தெரிந்துகொள்ள யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. அந்த இடத்தை அவருக்குக் காட்டியதே நான்தான்.

ஓரத்தில் ஒரு வாலாட்டிக் குருவி நின்றிருந்தது. வழக்கமாக நான் எழுந்து நகர்ந்ததும் வந்து குடிக்கும். அன்று நான் நகர்ந்தும் வாலை ஆட்டிக்கொண்டு நின்றதே தவிர, குடிக்கவில்லை.

இந்தத் தொடரைப் படிக்கும் ஒரு வாசகி, “இத்தனை வாரமாகத் தறியையும் தெருவையும் பற்றி எழுதுகிறீர்கள், கோயிலுக்குப் போனதைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே, உங்களுக்குச் சாமி நம்பிக்கை கிடையாதா?” என்று கேட்டிருந்தார். அஞ்சலட்டையில் பதில் எழுத உட்கார்ந்தேன். இடம் போதவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

பால்

எழுபதுகளின் பின்பாதி. எனக்கு முதல் குழந்தை ஆனி மாதத்தில் பிறந்தது. பெண். மூன்று நாள் இருந்தாள். பெயர் வைக்கவில்லை.

குழந்தை போனது என் உடம்புக்குத் தெரியவில்லை. ஐந்தாம் நாள் பால் கட்டிக்கொண்டது. பக்கத்து வீட்டு முனியம்மாக்கா மல்லிகைப் பூவை வைத்துக் கட்டச் சொன்னார். கட்டினேன். பூ வாடியது, பால் நிற்கவில்லை.

அந்தப் பாலைக் கால் படும் இடத்தில் விடக்கூடாது என்பார்கள். எங்கள் வீட்டில் கால் படாத இடம் எது? கூடத்தில் இரண்டு குழித்தறி. மீதி இடத்தில் ராட்டை, நூல், ஆட்கள். சமையல்கட்டில் என் மாமியார். புழக்கடையில் சாயக்காரர் ஏழுமலையின் அண்டாக்கள். அழுவதற்கே இடமில்லாத வீடு அது. நெசவு வீடுகள் அப்படித்தான்.

அதனால் விடிகிற நேரத்தில் ஆற்றுக்குப் போனேன். நாணல் புதருக்குப் பின்னால், யாரும் நடக்காத இடத்தில் உட்கார்ந்து, மணலில் ஒரு முழத்துக்குக் குழி தோண்டி அதில் பாலைப் பீய்ச்சினேன். மூடிவிட்டுப் போவதாக எண்ணம்.

மூடுவதற்குள் குழியில் தண்ணீர் ஊறிவிட்டது.

கலங்கலாகத்தான் வந்தது. பால் அதில் வெள்ளையாகப் பரவிச் சுற்றியது. நான் எழுந்திருக்கத் தெம்பில்லாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். வெள்ளை மெல்ல மெல்ல எங்கோ போனது. சேறு அடியில் படிந்தது. கடைசியில் அடியில் கிடந்த மணல் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிகிற அளவுக்குத் தண்ணீர் தெளிந்து நின்றது.

யாரோ வாங்கிக்கொண்டது போல இருந்தது.

வீட்டில் எல்லோரும் எனக்கு ஏதாவது சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அடுத்தது பையனாகப் பிறக்கும், போன ஜென்மத்துப் பாவம், அழாதே, நன்றாக அழுதுவிடு. அந்தக் குழி ஒன்றும் சொல்லவில்லை. கொடுத்ததை வாங்கிக்கொண்டது. நான் கும்பிட்டேன். கை தானாகக் குவிந்தது என்று எழுதினால் பொய். யோசித்து, அக்கம்பக்கம் பார்த்து, பிறகுதான் கும்பிட்டேன்.

களம்பூர்க் காற்று

இப்படிக் கும்பிடுவது எனக்கு எங்கிருந்து வந்தது என்று பிற்பாடு யோசித்திருக்கிறேன்.

என் பிறந்த ஊர் களம்பூர். அப்பா அரிசி மில்லில் வேலை. மில்லுக்குப் பின்னால் நெல் காயும் களம். பள்ளிக்கூடம் விட்டு அப்பாவுக்குச் சோறு கொண்டுபோவேன். நெல் தூற்றிக்கொண்டிருக்கும்போது காற்று நின்றுவிட்டால் மற்ற ஆட்கள் பீடி பற்றவைப்பார்கள். அப்பா முறத்தைக் கீழே வைத்துவிட்டு மேற்கே பார்த்து நிற்பார். காற்று வந்ததும் விரலால் இரண்டு கண்ணையும் ஒற்றிக்கொண்டு மறுபடி முறத்தை எடுப்பார்.

அது என்ன என்று நான் கேட்டதில்லை. அவரும் சொன்னதில்லை. தலையெல்லாம் உமி ஒட்டியிருக்கும். சோற்றுத் தூக்கைத் திறந்ததும் முதலில் உப்பு போதுமா என்றுதான் பார்ப்பார். அவ்வளவு சாதாரண மனிதர்.

நாற்பது பக்க நோட்டு

பால் நின்ற பிறகும் நான் ஆற்றுக்குப் போவது நிற்கவில்லை.

எனக்கு எதையும் எழுதி வைக்காவிட்டால் நடந்ததாகவே தோன்றாது. என் வீட்டுக்காரரிடம் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி வரச் சொன்னேன். எதற்கு என்றார். எழுத என்றேன். வாங்கி வந்து கொடுத்தார். அதிகம் கேட்கிற மனிதர் இல்லை.

அந்த நோட்டு இப்போதும் என்னிடம் இருக்கிறது. தேதிகளும் இருக்கின்றன. அவற்றால் வாசகருக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை என்பதால் இங்கே போடவில்லை. ஒவ்வொரு நாளும் மூன்று குறிப்பு. எத்தனை முழம் தோண்டியதும் ஈரம் தட்டியது. தண்ணீர் தெளிய எத்தனை எண்ணினேன். யார் வந்து குடித்தார்கள். ‘யார்’ என்றால் குருவி, நாய், ஒருமுறை கீரி.

கடிகாரம் கிடையாது, வாய்க்குள் எண்ணுவேன். நாணலோரத்தில் முந்நூறுக்குள் தெளியும். ஊர்ப் பக்கத்துக் கரையில் ஆயிரம் எண்ணினாலும் தெளியாது. ஐப்பசியில் ஆற்றில் தண்ணீர் வந்தபோது குழிகளெல்லாம் போயின. தை வரைக்கும் கரையில் நின்று தண்ணீர் எந்தப் படி வரை நனைக்கிறது என்று எழுதினேன். வற்றியதும் மறுபடி தோண்டினேன்.

இன்னொன்றையும் நோட்டில் திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறேன். எங்கே தோண்டினாலும் முதலில் கசிவது குழியின் மேற்குச் சுவர்தான். மலை இருக்கும் பக்கம். கிழக்குச் சுவர் கடைசியில்தான் நனையும்.

மற்றவர்கள் விளக்கேற்றிச் சாமி கும்பிடுவது போல எனக்கு இது. எண்ணி முடிக்கும்போது மனசும் படிந்திருக்கும். வீட்டுக்குப் போய்ப் பழையதைக் கரைத்துக் குடித்துவிட்டு வேலையில் உட்காருவேன்.

முகூர்த்தப் பாவு

என் வேலை பாவு, அதாவது தறியின் நீளவாட்டு இழை, பிணைப்பது. தறியில் ஒரு பாவு தீர்ந்ததும் அதன் இழை நுனிகளோடு புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து, சாம்பல் தொட்டு முறுக்க வேண்டும். ஆயிரக்கணக்கான இழை. முறுக்கு தடித்தால் இழையைத் தூக்கி இறக்கும் விழுதில் மாட்டி அறும். என் பிணைப்பு கண்ணுக்கே தெரியாது என்று தெருவில் சொல்வார்கள். பெருமைக்காக எழுதவில்லை, எனக்கு ஊரில் இருந்த இடம் அது ஒன்றுதான்.

குழந்தை போன பிறகு அத்தை, அதாவது என் மாமியார், என்னைச் சாதாரணப் புடவைப் பாவில்தான் உட்காரவிட்டார். கல்யாணப் பெண் கட்டும் முகூர்த்தப் புடவைக்கு மஞ்சள் பாவு. அதை நான் தொடக்கூடாது. பெற்றதைப் பறிகொடுத்தவள் கை, இன்னொருத்தி தாலி கட்டிக்கொள்ளும் புடவையில் படவேண்டாம் என்றார். எங்கள் தெருவில் அதை யாரும் கொடுமையாக நினைக்கவில்லை. சந்தவாசல் பக்கம் ஒரு பூசாரி இருக்கிறார், வேப்பிலை அடித்து ஒரு கயிறு கட்டிவிட்டால் தோஷம் தீரும், பிறகு தாராளமாக உட்காரலாம் என்றும் சொன்னார். அதற்குள் நான் விடியலில் ஆற்றுக்குப் போவதும் தெரிந்துவிட்டது. நாணல் புதரில் ஏதோ பிடித்துக்கொண்டது என்று பேச்சு.

“மணலாண்ட தனியா குந்திகினு எண்ணிகினு இருக்கியாமே,” என்றார் முனியம்மாக்கா. “எத்தினி பேய்னு எண்றியா?”

சிரித்துக்கொண்டுதான் கேட்டார். நானும் சிரித்தேன். ஆனால் பூசாரியிடம் போக மறுத்துவிட்டேன். அத்தை ஒரு மாதம் சொல்லிப் பார்த்தார். என் வீட்டுக்காரரும் ஒரே ஒரு முறை, அம்மா சொல்வதைக் கேட்டால்தான் என்ன என்றார். என்னைப் பிடித்திருப்பது எதுவோ அதை விரட்ட எனக்கு விருப்பமில்லை என்று சொன்னேன். அவர் தறிக்குள் இறங்கிவிட்டார்.

எட்டு மஞ்சள் பாவு என் கண்ணெதிரே முனியம்மாக்கா கையால் பிணைக்கப்பட்டது. நான் சமையல்கட்டிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

திட்டு

மாசியில் கிணற்றுத் தண்ணீர் உப்பேறியது. ஏழுமலை தோய்த்த அரக்கு திட்டுத் திட்டாக விழுந்தது. மறுபடி தோய்த்தார், மறுபடியும் திட்டு. முந்தானைக்கும் கரைக்கும் அந்த அரக்கு இல்லாமல் புடவை இல்லை. வீடே பேஜாராகிக் கிடந்தது. ஏழுமலை மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. கண்ணமங்கலத்திலிருந்து வண்டியில் தண்ணீர் கொண்டுவரலாமா என்றெல்லாம் பேசினார்கள்.

நான் நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு, நான் துணி துவைத்துப் பார்த்ததில் எந்த இடத்துத் தண்ணீர் உப்பில்லாமல் சோப்பில் நன்றாக நுரைக்கும், எங்கே சீக்கிரம் தெளியும், எவ்வளவு ஆழம் என்று சொன்னேன். ஏழுமலை என்னையும் நோட்டையும் மாறி மாறிப் பார்த்தார். மறுநாள் என்னோடு ஆற்றுக்கு வந்தார். என் குழிக்குப் பக்கத்தில் பெரிய குழி வெட்டி, பீப்பாயில் நிரப்பி, மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்.

அரக்கு சமமாக விழுந்தது. தெருவே வந்து பார்த்தது.

அன்று சாயங்காலம் அத்தை என் முகத்தைப் பார்க்காமல், முறத்தில் அரிசியைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “நாளைக்கு மஞ்சப் பாவு. நீயே குந்து.”

கயிறு இல்லை, பூசாரி இல்லை. ஒன்பது மாதம் காத்திருந்த வார்த்தை. நான் சரிங்க அத்தை என்று மட்டும் சொன்னேன்.

அதற்கு மறுநாள் காலைதான் ஊற்று சிவப்பாக இருந்தது.

மேலண்ட, கீழண்ட

எழுந்து பார்த்தேன். மேற்கே முப்பது அடி தள்ளி, வண்டிப் பாதை மணலில் இறங்கும் இடத்தில், ஏழுமலை இன்னொரு குழி வெட்டியிருந்தார். தோய்த்த நூல் சிட்டங்களை அங்கே அலசியிருக்கிறார். முந்தின நாள் மத்தியானம் அலசியது விடிவதற்குள் மணல் வழியாக என் குழிக்கு வந்திருக்கிறது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவர் வண்டியில் அடுத்த ஈடு வந்து இறங்கியது. மூங்கில் கழிகளில் கோர்த்த பத்து சிட்டம், சாயம் சொட்டச் சொட்ட.

நான் போய், கீழே கொண்டுபோய் அலசுங்கள் என்றேன்.

“அண்ணி, ஆறே வத்திக் கெடக்குது,” என்றார் ஏழுமலை. “ஓடாத தண்ணிக்கு மேலண்ட இன்னா, கீழண்ட இன்னா?”

“ஓடுது தம்பி. உள்ளாற ஓடுது.”

“நீங்க பாத்தீங்களா?”

“தெனமும் பாத்துகினுதான் இருக்கேன்.”

அவர் சிரிக்கவில்லை. கெட்டவர் இல்லை ஏழுமலை. ஓடும் ஆற்றில் அலசும்போது தண்ணீர் எடுக்கும் இடத்துக்குக் கீழேதான் அலசுவார், அது அவருக்குப் பிறவிப் பழக்கம். கண்ணுக்குத் தெரிந்து தண்ணீர் ஓடாததால் மேலும் கீழும் இல்லை என்று நினைத்துவிட்டார். வண்டி வரும் இடம் பக்கத்தில் இருந்தது. ஈரச் சிட்டம் கனம், கீழே விழுந்தால் மணல் ஒட்டும். அவர் சொன்ன காரணங்களில் ஒன்றுகூடப் பொய் இல்லை.

இப்படியே போனால் இன்னும் ஒன்றிரண்டு நாளில் அவர் தண்ணீர் மொள்ளும் பெரிய குழியிலும் சாயம் ஏறும் என்றேன். ஏறட்டும், அப்போது மேலே போய் வெட்டிக்கொள்கிறேன் என்றார். அதைக் கேட்டதும்தான் எனக்குப் புரிந்தது. நானும் மேலே போகலாம். இன்னொரு நாணல் புதர் கிடைக்கும். அவரும் பின்னாலேயே வருவார். ஆற்றை இப்படியே ஒவ்வொரு குழியாகச் சிவப்பாக்கிக்கொண்டு மலை வரைக்கும் போகலாம். கீழே பெண்கள் குடத்தோடு வந்து தோண்டுவார்கள். இந்த இடத்தைக் காட்டிக்கொடுத்தவள் நான்.

“அண்ணி, பாவு ரெடியா இருக்குது, அம்மா உங்கள ஜல்தி வரச் சொல்லிச்சி,” என்றார் அவர். “போங்க. இத அப்பறமா பேசிக்கலாம்.”

அப்புறம் என்பதற்குள் பத்து சிட்டமும் அலசி முடிந்துவிடும்.

நான் என் கையைப் பார்த்தேன். இதைத் தெளிவாக எழுதிவிட வேண்டும். அரக்குச் சாயம் ஈரத்தில் தொட்டால் தோலில் ஏறும், மூன்று நாலு நாள் போகாது. மஞ்சள் பாவில் ஒரு விரல் சிவப்புப் பட்டால் பாவே வீண். வியர்வையில்கூட இறங்கும். இது நெசவு வீட்டுக் குழந்தைக்கும் தெரியும். தெரிந்துதான் குனிந்து முதல் கழியைத் தூக்கினேன்.

ஏழுமலை, அண்ணி கை, கை என்றார். நான் நிற்கவில்லை. நாணலைத் தாண்டி, ஆறு வளைகிற இடத்துக்கும் கீழே, நூற்றுப் பன்னிரண்டு அடி. எண்ணிக்கொண்டே நடந்தேன். கழியை நாணல்மேல் சாத்திவிட்டுக் கையாலேயே குழி பறித்தேன். திரும்பி வந்து இரண்டாவதைத் தூக்கினேன். முழங்கை வரை வழிந்தது. புடவையில் சொட்டியது. மூன்றாவதைத் தூக்கப் போனபோது ஏழுமலை என்னை விலகச் சொல்லிவிட்டு, மீதியை இரண்டு தோளிலும் போட்டுக்கொண்டு கீழே நடந்தார். வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டேதான் போனார்.

நான் மேலேயிருந்த அலசு குழியில் கிடந்த சிவப்புத் தண்ணீரைச் சொம்பால் மொண்டு, கீழே எடுத்துப்போய் ஊற்றினேன். இருபத்தாறு சொம்பு. குழியை மணலால் மூடினேன். பிறகு வீட்டுக்குப் போனேன்.

வெள்ளைத் துணி

கூடத்தில் மஞ்சள் பாவு தறியில் ஏறி, நுனிகள் பிரித்துத் தயாராக இருந்தது. சாம்பல் கிண்ணம் பக்கத்தில். அத்தை உட்கார்ந்திருந்தார். பார்க்க வந்த முனியம்மாக்கா தூணோரம் நின்றிருந்தார்.

அத்தை என் கையைப் பார்த்தார்.

“இன்னாடி இது?”

சொன்னேன். எதையும் குறைக்காமல், ஏழுமலையைக் குற்றம் சொல்லாமல் சொன்னேன். தெரிந்தேதான் தொட்டாயா என்று கேட்டார். ஆமாங்க அத்தை என்றேன்.

“பாவு காத்துகினு இருக்குதுன்னு தெரியுமில்ல?”

“தெரியுங்க.”

இன்னொரு தறியில் என் வீட்டுக்காரர் மிதியை நிறுத்தியிருந்தார். திட்டு விழும் என்று நினைத்தேன். பூசாரி பேச்சு மறுபடி வரும், இனி மஞ்சள் பாவு எனக்கு இல்லை என்றும் நினைத்தேன். அதற்கும் தயாராகத்தான் ஆற்றிலிருந்து வந்திருந்தேன். நாளைக் காலை மறுபடி போவேன், அந்த ஊற்று மறுபடி தெளியும், எத்தனை நாள் என்று எழுதுவேன். அதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. (பதினொரு நாள் ஆனது.)

முனியம்மாக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, நான் குந்தட்டுமா என்று சாம்பல் கிண்ணத்தை நகர்த்தினார்.

“நீ போம்மா,” என்றார் அத்தை. “உன் முறுக்கு தடியா நிக்கும். எட்டுப் பாவுலயும் பாத்துட்டேன்.” பிறகு என்னிடம், “கறை போவ எத்தினி நாளு ஆவும்?”

“மூணு நாலு நாள் ஆவுங்க அத்தை.”

அவர் எழுந்து, கொடியில் கிடந்த துவைத்த வெள்ளைத் துணியை எடுத்து உதறி, பாவின்மேல் போட்டார். ஓரங்களை இழுத்துச் செருகினார்.

“கெடக்கட்டும்,” என்றார்.

நான்கு நாள் அந்தத் தறி சும்மா கிடந்தது. ஓடுகிற தறி நின்றால் வீட்டில் எல்லோருக்கும் காது அடைத்தது மாதிரி இருக்கும். ஏழுமலை மறுநாளிலிருந்து வளைவுக்குக் கீழேதான் அலசினார். என்னோடு பேசாமல் இரண்டு நாள் இருந்துவிட்டு, மூன்றாம் நாள் எலுமிச்சம்பழம் கொண்டுவந்து கொடுத்து, தேய்த்தால் கறை சீக்கிரம் போகும் என்றார்.

ஐந்தாம் நாள் விடியலிலும் ஆற்றுக்குப் போனேன். அத்தை வாசலில் கோலப்பொடிக் கிண்ணத்தோடு நின்றிருந்தார். நான் போவதைப் பார்த்தார். வழியில் இருந்த தண்ணீர்க் குடத்தை எனக்காகச் சற்று நகர்த்தி வைத்தார்.

திரும்பி வந்து கை கால் கழுவிக்கொண்டு பாவின் முன்னால் உட்கார்ந்தேன். நகக்கண்ணில் மட்டும் லேசாகச் சிவப்பு இருந்தது. இரண்டு கையையும் அத்தையிடம் நீட்டிக் காட்டினேன். அவர் விரல் விரலாகப் பிடித்துத் அந்த வெள்ளைத் துணியின் ஓரத்தில் அழுத்தித் துடைத்துப் பார்த்தார். துணியில் ஒன்றும் ஒட்டவில்லை.

வெள்ளைத் துணியை விலக்கி, முதல் இழையை அவரே எடுத்து என் கையில் கொடுத்தார்.